ஒரு சீட்டு மிச்சம்

தட்டாஞ்சாவடிக் கிடங்கில்
பாட்டில் முதுகில் சீட்டு ஒட்டுவது என் வேலை.
இறக்குமதி செய்தவர் பெயர், விலை,
அப்புறம் தமிழில் ஒரு வரி:
மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு.
கட்டைவிரலால் இடமிருந்து வலம் ஒரே இழுப்பு,
காற்றுக்குமிழ் நிற்கக் கூடாது.
பதினோரு வருஷத்தில் விரலில் ரேகை போய்விட்டது.
ரேஷன் கடை மெஷின்
என்னை யாரோ என்கிறது.

இந்த வாரம் வந்தது சிரா.
நூறு பெட்டி, பெட்டிக்கு ஆறு.
மேலே மடித்து வைத்த ஒரு தாள்:
சரிவில் கொடிகள், ஓர் அப்பா, இரண்டு மகள்கள்,
கேமராவைப் பார்க்காத நாய்.
தோட்டமும் அவர்களுடையது, பாட்டிலும் அவர்களுடையது.
கன்னியர் பள்ளியில் ஐந்தாவதோடு நின்ற ஃபிரெஞ்சில்
எழுத்துக் கூட்டி அஞ்சலாட்சிக்குச் சொன்னேன்:
"கையாலே பறிச்சதாம். மருந்தே அடிக்கலையாம்."
"அப்ப புழு?" என்றாள்.
புழுவைப் பற்றித் தாளில் எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஞானாதிக்கம்
பாகூர்ப் பக்கம் கத்தரித் தோட்டங்களுக்கு மருந்து அடிக்கிறார்.
டேங்குக்கு இவ்வளவு என்று கூலி.
விஷத்தை மருந்து என்றுதான் சொல்வோம்,
மரியாதை தெரிந்தவர்கள் நாங்கள்.
சாயங்காலம் கண் சிவந்து
சுவரைத் தொட்டுத் தொட்டு வருவார்.
எதிர்வீட்டில் கதவைச் சாத்துவார்கள்,
குடிகாரன் வருகிறான் என்று.
அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

புதன்கிழமை, அறுபத்திரண்டாவது பெட்டி.
அடி அட்டை நனைந்திருந்தது, நான் கவனிக்கவில்லை.
தூக்கியதும் ஒன்று மட்டும் நழுவி
சிமெண்டில்.

"கழுத்தை எடுத்து வை,
கலால்காரனுக்குக் காட்டணும்" என்று கத்திவிட்டு
முத்துவிநாயகம் போனைத் தேடி ஓடினார்.
கழுத்து சாட்சிக்கு.
அடிப்பாகம் கிண்ணம் போல நின்றது,
அதில் ஒரு உள்ளங்கை மிச்சம்.

நெல்லித்தோப்புக் கோவிலில் நாற்பது வருஷமாகப் பூசை பார்க்கிறேன்.
திராட்சை ரசத்தைச் சாமியார் உயர்த்துவார், குடிப்பார்,
வெள்ளைத் துணியால் கிண்ணத்தைத் துடைப்பார்.
எங்களுக்கு அப்பம்.
அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.
ரசம் என்ன ருசி என்று
ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.

"கண்ணாடிடி, பார்த்து."

விரலை விட்டேன்.
இனிக்கும் என்று நினைத்திருந்தேன்.
நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கைப் பிடித்து இழுத்தது.
எல்லாம் போய்விட்டது என்று விழுங்கிய பிறகு
தொண்டைக்குள்ளிருந்து திரும்பி வந்தது
மிளகு.

"ரசம்தான்டி" என்றேன். "நிஜமாவே ரசம்.
சீரகம்தான் போடலை."
அஞ்சலாட்சியும் விரலை விட்டாள்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
பல்லெல்லாம் கத்தரிப்பூ நிறம்.
முத்துவிநாயகம் வருவதற்குள்
தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தோம்.

நோட்டில் எழுதினார்கள்: உடைவு ஒன்று.
பாட்டில் ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது,
சீட்டு அறுநூறு.
மிஞ்சிய சீட்டுக்கு நோட்டில் கட்டம் கிடையாது.
டிபன் பாக்ஸ் மூடிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

ஸ்ப்ரேயர் குளியலறைச் சுவரில் ஆணியில் தொங்கும்.
நீல டேங்க். கம்பெனிக்காரன் ஒட்டியதெல்லாம்
எப்போதோ உரிந்து போய்விட்டது.
துடைக்கக்கூட இல்லை, அப்படியே ஒட்டினேன்.

அன்றைக்கு நான் வைத்தது மிளகு ரசம்.
டம்ளரை ஊதி ஊதிக் குடித்தபடி
கைகழுவப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.
எழுத்துக் கூட்டுகிறார் போல என்று பேசாமல் இருந்தேன்.

"இரண்டாயிரத்து முந்நூறா?" என்றார்.
"எதுக்கு?"

காலையில் டேங்கைத் தோளில் மாட்டி
வண்டியை உதைத்தபோதுதான் கண்ணில் பட்டது:
சீட்டின் வலது ஓரம் கிளம்பியிருந்தது,
நடுவில் காசு அளவு ஒரு குமிழ்.
பதினோரு வருஷத்தில் இவ்வளவு மோசமாக நான் ஒட்டியதில்லை.
ஒரு நிமிஷம் நில்லுங்க என்று சொல்லக்
கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

வண்டி தெருமுனை திரும்பியிருந்தது.